ஜெபக்கனி வீட்டு மேகம்

அந்த வருஷம் பொறுமைபுரம் சபையின் அறுப்புப் பண்டிகைக்கு ஆளாளுக்குப் பூசணிக்காயும் வாழைத்தாரும் காலைக் கட்டின சேவலும் கொண்டுவந்தபோது, ஜெபக்கனி ஒரு மேகத்தைக் கொண்டுவந்தாள். பெரிய மேகம் என்று சொல்ல முடியாது. வளர்ந்த ஆட்டுக்கிடா அளவு இருக்கும், ஓரமெல்லாம் வெளுத்து, வயிற்றுப் பக்கம் மட்டும் கறுத்து, பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் அவள் வீட்டு முருங்கை மரத்தின் கவட்டையில் வந்து உட்கார்ந்திருந்தது. கீரை ஒடிக்கப் போனவள் அண்ணாந்து பார்த்தாள், மேகமும் லேசாக அசைந்து கொடுத்தது, "சரி, இந்த வருசத்துக்கு நம்ம மரத்துல காய்ச்சது இதுதான் போல" என்று சொல்லிவிட்டு அவள் கீரையை ஒடித்துக்கொண்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

வேறு என்ன இருந்தது அவளிடம்? மழை ஏமாற்றி ஏமாற்றி, அந்தத் தேரிக்காட்டுச் செம்மண் பூமியில் கிணறுகள் ஒவ்வொன்றாக உப்புக் கரித்துப் போய், அப்புறம் உப்புத் தண்ணீரும் இல்லாமல் போய், அவள் போட்டிருந்த கத்தரிப் பாத்தி கருகி, வெண்டைப் பாத்தி கருகி, மிச்சமிருந்த ஒற்றைப் பெட்டைக்கோழியையும் கீரிப்பிள்ளை கொண்டுபோய்விட்டது. ஆனால் விளைந்ததில் முதல் பங்கைக் கோயிலுக்குக் கொண்டுபோகாத வீடு ஒன்று இருக்கக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். கொண்டுவந்ததையெல்லாம் ஆராதனை முடிந்ததும் பந்தலில் வைத்து ஏலம் விடுவார்கள். மேலத்தெருக்காரன் கேட்டால் கீழத்தெருக்காரன் விடமாட்டான், கீழத்தெருக்காரன் கேட்டால் மேலத்தெருக்காரனுக்குப் பொறுக்காது, அப்படிப் போட்டி போட்டு ஒரு எலுமிச்சம்பழத்தை ஆட்டுக்குட்டி விலைக்கு எடுத்துவிட்டு வீட்டில் பொண்டாட்டியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் அங்கே ஏராளம். ஊர்ப் பெயரில் இருக்கிற பொறுமையை யாரும் பந்தலுக்குள் கொண்டுவந்ததில்லை.

ஜெபக்கனிக்கு வந்த சங்கடம் விளைச்சல் இல்லாதது மட்டும் இல்லை. அவளிடம் காணிக்கை வாங்கக் கூடாது என்று சபைக் கமிட்டியில் முடிவு செய்திருந்தார்கள். அவளுடைய ஒரே மகள் எப்சிபா, உடன்குடியில் செல்போன் கடை வைத்திருக்கிற இசக்கிமுத்துவை விரும்பினாள். மாப்பிள்ளை நம் வேதத்துக்காரன் இல்லை என்று அப்போதிருந்த ஐயர் கோயிலில் கல்யாணம் நடத்தி வைக்க மாட்டேன் என்றுவிட்டார். அந்தப் பக்கம் சபைப் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அந்தக் கல்யாணத்துக்கு ஜெபக்கனி போனாள். போனதோடு விட்டாளா, ரெண்டு பேர் தலையிலும் கை வைத்து, ஜெபம் பண்ணி, ஆசீர்வதித்துவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவளுக்கு நற்கருணை கிடையாது, அசன விருந்தில் பரிமாறக் கூடாது, காணிக்கை கொடுக்கக் கூடாது, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டுவிட்டுப் போகலாம். உனக்கு அப்பம் இல்லை, திராட்சரசம் இல்லை என்று சொன்னதைக்கூட அவள் எப்படியோ தாங்கிக்கொண்டாள். நீ கொடுக்காதே என்று சொன்னதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. வருஷா வருஷம் எதையாவது தூக்கிக்கொண்டு கோயில் வாசல் வரை வருவாள், சபைச் செயலர் துரைப்பழம் கைகூப்பி மரியாதையாகவே திருப்பி அனுப்புவார், அந்தக் காயைச் சமைக்கவும் மனசு வராமல் எறியவும் மனசு வராமல் வீட்டு மூலையில் வைத்துப் பார்த்துப் பார்த்து அழுவாள்.

இந்த வருஷமும் வெள்ளைச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பினாள். மேகத்தைக் கயிறு போட்டு இழுத்து வந்தாள் என்று பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள், அதெல்லாம் இல்லை. மரத்தடியில் நின்று, "வா, மொத மணி அடிச்சாச்சு" என்றாள், அது இறங்கி அவள் தலைக்கு மேலே ஒரு முழம் விட்டு வந்தது, அவ்வளவுதான். வழியில் எதிர்ப்பட்டவர்கள் மேகத்தைப் பார்த்தார்கள், அவள் முகத்தைப் பார்த்தார்கள், "காணிக்கையா?" என்று கேட்டார்கள், "ஆமா" என்றாள், சரி என்று போனார்கள். பாடகர் குழுவில் பாடுகிற ஒருத்தி மட்டும், "யக்கா, நல்லா நெழலா இருக்கு, நானும் கூட வாரேன்" என்று சேர்ந்துகொண்டு கோயில் வரைக்கும் அந்த நிழலிலேயே நடந்தாள்.

வாசலில் துரைப்பழம் நின்றார். இஸ்திரி போட்ட சட்டையும், சட்டையில் குத்தின பண்டிகை ரிப்பனுமாக நின்றவர், அண்ணாந்து மேகத்தைப் பார்த்துக் கண்ணை ஒரு தரம் துடைத்துக்கொண்டார், அப்புறம் எப்போதும்போலக் கைகூப்பினார்.

"ஜெபக்கனி, ஒனக்குத் தெரியாததா? ஒங்கிட்ட காணிக்கை எடுக்க முடியாதும்மா."

"இது பூசணிக்கா இல்ல, அண்ணாச்சி."

"என்னதா இருந்தா என்ன? சட்டம்னா எல்லாத்துக்கும் சட்டந்தான்."

அவள் திரும்பினாள். மேகம் திரும்பவில்லை. அது சுவருக்கு மேலே ஏறி, மணிக்கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி, கோயிலின் உயர ஜன்னல் வழியாக உடம்பைக் குறுக்கிக்கொண்டு உள்ளே போய், தூண்களில் கட்டியிருந்த கரும்புகளுக்கு நடுவே, குவித்து வைத்திருந்த காய்கறிகளுக்கு நேர் மேலே போய் நின்றுகொண்டது. துரைப்பழத்தால் பூசணிக்காயைத் தடுக்க முடியும், சேவலைத் தடுக்க முடியும், மேகத்தை எந்தக் கையால் தடுப்பார்?

ஆராதனை தொடங்குகிற நேரம் என்பதால் யாரும் அதை ஒரு பெரிய விஷயமாக எடுத்துக்கொள்ளவில்லை. மேகம் சொட்டி நனைந்துவிடக் கூடாது என்று ஆர்மோனியத்தைத் தெற்கு ஓரத்துக்கு நகர்த்தினார்கள், முன்வரிசைப் பெண்கள் சேலைத் தலைப்பால் கைக்குழந்தைகளின் தலையை மூடினார்கள், யாரோ ஒருவர் முன்யோசனையாக ஒரு அண்டாவைக் கொண்டுவந்து மேகத்தின் வயிற்றுக்கு நேர் கீழே வைத்தார், மின்விசிறிக் காற்று பட்டால் கலைந்துவிடும் என்று இன்னொருவர் விசிறியை நிறுத்த, வேர்த்து விறுவிறுத்துப் போனாலும் ஒருத்தரும் குறை சொல்லவில்லை. புதிதாக வந்திருந்த இளவயசு ஐயர் எழுதிக்கொண்டு வந்த பிரசங்கத்தைத்தான் செய்தார், இடையிடையே மேலே பார்த்துக்கொண்டார். மற்றவர்களோ மேலே பார்த்தபடியே இருந்தார்கள். சாமி சத்தியமாகச் சொன்னால் அன்றைக்குப் பிரசங்கத்தில் ஒரு வார்த்தை யார் காதிலும் ஏறவில்லை. ஒவ்வொருவர் மனசிலும் அவரவர் கிணறு இருந்தது. துரைப்பழத்தின் மனசில் அவருடைய வாழைத்தோட்டம் இருந்தது. குலை தள்ளுகிற பருவத்தில் இலை மடங்கித் தொங்கிக்கொண்டிருந்த அந்தத் தோட்டத்தை நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது.

ஆராதனை முடிந்து காணிக்கைகளையெல்லாம் பந்தலுக்குக் கொண்டுபோனபோது மேகமும் கூடவே போய்ப் பந்தலின் முகட்டுக்குக் கீழே நின்றது. ஏலம் விடுகிறவர் கோயில்பிச்சை அண்ணாச்சி. மைக்கைப் பிடித்தால் ஒரு கத்தரிக்காயைப் பற்றிக் கால்மணி நேரம் பேசக்கூடியவர். பூசணியும் தாரும் சேவலும் மளமளவென்று போயின, ஏனென்றால் யாரும் எதற்கும் போட்டி போட்டு விலை ஏற்றவில்லை. மேலத்தெருவும் சரி, கீழத்தெருவும் சரி, கையில் இருந்ததையெல்லாம் மேகத்துக்காகப் பத்திரப்படுத்தி வைத்திருந்தார்கள். கடைசியாக மேகத்தின் முறை வந்தது.

அங்கேதான் மாட்டிக்கொண்டது. பொறுமைபுரத்தில் ஏலத்துக்கு ஒரு முறை உண்டு. இன்னார் வீட்டுக் காணிக்கை என்று முதலில் பெயர் சொல்ல வேண்டும், அந்த இன்னார் எழுந்து வந்து பொருளைத் தன் கையால் எடுத்துக் கொடுக்க வேண்டும், அதற்குப் பிறகுதான் விலை. பெயர் சொல்லாத பொருளுக்கு ஏலம் இல்லை. கோயில்பிச்சை துரைப்பழத்தின் முகத்தைப் பார்த்தார், துரைப்பழம் வேண்டாம் என்று தலையை ஆட்டினார், கோயில்பிச்சை தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஒரு அன்பர் வீட்டுக் காணிக்கை" என்று சொல்லிப் பார்த்தார். மேகம் இறங்கி வரவில்லை. "ஒரு சகோதரி வீட்டுக் காணிக்கை" என்றார். ம்ஹூம். தொரட்டிக் கம்பு கொண்டுவந்து இழுத்தார்கள், கம்பு நனைந்ததுதான் மிச்சம். பாடகர் குழு ஒரு கீர்த்தனையை முதலிலிருந்து கடைசி வரை பாடியது, மேகம் அதை ரசித்துக் கேட்டதுபோல இருந்ததே தவிர ஒரு சாணும் இறங்கவில்லை.

கமிட்டிக்காரர்கள் எழுந்து பந்தலுக்குப் பின்னால் புங்கமரத்தடிக்குப் போனார்கள். ஐயரும் போனார், கோயில்பிச்சையும் போனார். போகிற அவசரத்தில் கோயில்பிச்சை கையிலிருந்த மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அது கம்பியில்லாத மைக். அதனால் புங்கமரத்தடியில் நடந்த அத்தனை பேச்சும் பந்தலில் இருந்தவர்களுக்கும், தெருவுக்கும், காட்டில் ஆடு மேய்த்தவர்களுக்கும் தெளிவாகக் கேட்டது.

ஜெபக்கனியைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அவள் கோயில் மதிலுக்கு வெளியே உட்கார்ந்திருந்தவள், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"ஜெபக்கனி," என்றார் துரைப்பழம், "ஒன்ன நோவடிக்கணும்னு யாருக்கும் இங்க ஆச கெடயாது. ஒரே ஒரு வார்த்த. சபைக்கு முன்னால நின்னு, அந்தக் கல்யாணத்துக்குப் போயி ஆசீர்வாதம் பண்ணது தப்புன்னு சொல்லிரு. இந்த நிமிசமே ஒம்பேர வாசிச்சிருவோம்."

அவளுக்கு ஆசை இல்லாமலா இருந்தது? பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்து போய், கையால் எடுத்துக் கொடுத்து, எத்தனை வருஷம் ஆயிற்று! ஒரு வார்த்தைதானே, சொல்லிவிட்டால் என்ன என்று நாக்கு நுனி வரைக்கும் வந்தது. மணமேடையும் மேளமும் இல்லாத அந்த நாளில் குனிந்து நின்ற மகளின் தலை ஞாபகத்துக்கு வந்தது.

"அண்ணாச்சி," என்றாள், "குடுக்கணும்னு எனக்குக் கொள்ள ஆச. காலயில கண்ணு முழிச்சா அந்த நெனப்புதான். ஆனா எம்புள்ள தலயில வச்சது இந்தக் கையிதான். இது தப்பு செஞ்ச கையின்னு நானே சொல்லிட்டு, பெறவு இதே கையால ஆண்டவருக்கு எப்பிடிக் குடுப்பேன்? எனக்கு வாய் வரல. நான் வீட்டுக்குப் போறேன். மேகத்த நீங்களே வச்சிக்கிடுங்க."

அவள் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அன்றைக்கு இசக்கிமுத்து வீட்டுக் கல்யாணப் பந்தியில் பொறுமைபுரத்து ஆட்கள் ஒருத்தர் ரெண்டு பேர் இல்லை. எல்லோருக்கும் எப்சிபா தூக்கி வளர்த்த பிள்ளை. ஆளுக்கொரு பஸ்ஸில், ஆளுக்கொரு பொய்யை வீட்டில் சொல்லிவிட்டு வந்து, பந்தியில் ஒருவரை ஒருவர் பார்த்ததும் இலையைப் பார்க்கிற மாதிரி குனிந்துகொண்டார்கள். எல்லோருக்கும் பிரியாணி போட்டவள் ஜெபக்கனி. கமிட்டியில் விசாரித்தபோதும் சரி, கடைசி வரிசைக்குத் தள்ளினபோதும் சரி, இன்னாரும் வந்தார் என்று ஒரு பெயரை அவள் வாய் விடவில்லை. இன்றைக்கும் விடவில்லை.

அவள் நாலடி நடந்திருப்பாள். கோயில்பிச்சை கையிலிருந்த மைக்கை அப்போதுதான் கவனித்தார், அதில் சிவப்பு விளக்கு எரிவதைக் கவனித்தார், பந்தல் முழுக்க மூச்சுச் சத்தம்கூட இல்லாமல் இருந்ததைக் கவனித்தார். அணைக்கப் போனவர் அணைக்காமல் வாயருகே கொண்டுபோனார்.

"நானும் அந்தக் கல்யாணத்துக்குப் போனேன்" என்றார். வாழ்நாளில் அவர் மைக்கில் பேசின பேச்சிலேயே சின்னது அதுதான்.

"அண்ணாச்சி!" என்றார் துரைப்பழம்.

"போனேன்வே. மொய் எழுதுனேன். பிள்ளய ஆசீர்வாதம் பண்ணேன். இவ்வளவு நாளும் வாய மூடிக்கிட்டு இருந்தேன்."

பந்தலில் ஒரு நாற்காலி நகர்ந்தது. "நானும் போனேன்" என்று பாடகர் குழுக்காரி எழுந்தாள். மணி அடிக்கிறவர் எழுந்தார். மேலத்தெருவில் ஒருவர் எழுந்தார், அவர் எழுந்துவிட்டாரே என்று கீழத்தெருவில் ரெண்டு பேர் எழுந்தார்கள், அதில் ஒருவர் நிஜமாகவே போனாரா அல்லது மேலத்தெருவுக்குக் குறையக் கூடாது என்று எழுந்தாரா என்பது இன்றுவரை தெரியாது. அப்புறம் யார் யார் என்று சொல்ல முடியாதபடி பந்தலே எழுந்தது. நடுவில் எழுந்து நின்றவள் துரைப்பழத்தின் மனைவி தங்கபுஷ்பம்.

"நானும் போனேன்" என்று அங்கிருந்தே சத்தமாகச் சொன்னாள். "சேல எடுத்துக் குடுத்தேன். பிரியாணி ரெண்டு தடவ வாங்குனேன்."

"நீ ஒங்க அக்கா வீட்டுக்குப் போறேன்னுலா சொன்ன?"

"அக்காவும் வந்துருந்தா."

யாரோ சிரித்தார்கள். சிரிக்கிற இடமில்லை என்று அடக்கப் பார்த்து, அடக்க முடியாமல் பந்தலே சிரித்தது. இளவயசு ஐயர் மட்டும் சிரிக்காமல் துரைப்பழத்தின் தோளில் கை வைத்து, "அண்ணாச்சி, எல்லாரையும் வெளிய நிறுத்தணும்னா, இன்னைக்கு அசனத்துக்கு நீங்களும் நானும் மட்டுந்தான் உக்காரணும். நான் அப்போ இந்த ஊர்லயே இல்ல. இருந்திருந்தா போயிருப்பேனான்னு இப்ப யோசிக்கேன்" என்றார்.

துரைப்பழம் கெட்டவர் இல்லை. சட்டத்தை விட்டால் சபை சிதறிவிடும் என்று நெஞ்சார நம்பியவர், அந்த நம்பிக்கையில் ஒரு பெண்பிள்ளையை வாசலில் நிறுத்தி நிறுத்தி அனுப்பியவர். அவர் பந்தலைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார், வாசலை நோக்கி நடந்துகொண்டிருந்த வெள்ளைச் சேலையைப் பார்த்தார், முகம் ஒரு மாதிரி கோணியது.

"பேரச் சொல்லுங்க அண்ணாச்சி" என்றார்.

"ஜெபக்கனி வீட்டுக் காணிக்கை!" என்று கோயில்பிச்சை பந்தலுக்குள் ஓடிவந்து கூவிய கூவல் தேரிக்காடு முழுக்கக் கேட்டது. அவள் நின்றாள். திரும்பினாள். பந்தலில் வழி விட்டார்கள். மேகம் முகட்டிலிருந்து தானாக இறங்கி அவள் ரெண்டு கைக்குள்ளும் வந்து அடங்கியது, சில்லென்று இருந்தது, அதைத் தூக்கி அவள் கோயில்பிச்சையிடம் நீட்டினாள். அழுதுகொண்டேதான் நீட்டினாள், அதை மறைக்கவும் இல்லை.

"இந்த மேகத்துக்கு ஒரு வெல கேளுங்க!"

ஒருத்தரும் கேட்கவில்லை. ஆசைப்பட்டுக் கிடந்தவர்கள்தான், ஆனால் இவ்வளவு நடந்தபிறகு முதல் வாயைத் திறக்க எல்லோருக்கும் கூச்சமாக இருந்தது. அந்த நேரத்தில்தான் பந்தலின் ஓரத்தில் பைக்கை நிறுத்திவிட்டு இசக்கிமுத்துவும், இடுப்பில் குழந்தையோடு எப்சிபாவும் வந்து நின்றிருந்தார்கள். கோயிலுக்குள் மேகம் நிற்கிற படம் யார் யார் போனுக்கோ போய், கடைசியில் உடன்குடிக் கடை வரைக்கும் போய், அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறி வந்தவர்கள். இசக்கிமுத்துவுக்கு நடந்தது எதுவும் தெரியாது. அவன் பார்த்ததெல்லாம், மாமியார் கையில் ஒரு பொருளை ஏந்திக்கொண்டு அழுதுகொண்டு நிற்கிறாள், ஊரே வாயை மூடிக்கொண்டு அதை வாங்காமல் நிற்கிறது. பெட்ரோலுக்கு வைத்திருந்ததைப் பையிலிருந்து உருவி, கையை உயர்த்திக் கேட்டுவிட்டான். ஒரு மேகத்துக்கு அது ஒரு விலையே இல்லை. மற்ற வருஷங்களில் ஒரு எலுமிச்சம்பழமே அதைவிடக் கூடப் போயிருக்கும்.

"ஒரு தரம்" என்றார் கோயில்பிச்சை.

மேலத்தெருக்காரர்கள் கீழத்தெருக்காரர்களைப் பார்த்தார்கள். கீழத்தெருக்காரர்கள் தங்கள் காலைப் பார்த்தார்கள். அடிவயிற்றிலிருந்து ஏறி வந்த விலையை ஒவ்வொருவரும் எச்சில் முழுங்குவதுபோல முழுங்கினார்கள்.

"ரெண்டு தரம்."

துரைப்பழம் வாயைத் திறந்தார். எல்லோரும் பார்த்தார்கள். அவருடைய வாழைத்தோட்டம் பந்தலிலிருந்தே தெரிந்தது, மடங்கின இலைகளோடு. அவர் கேட்டால் அதற்கு மேல் கேட்க அந்த ஊரில் ஆளில்லை. திறந்த வாயை அவர் மூடிக்கொண்டார். மூடுவதற்கு எவ்வளவு நேரம் ஆனது என்பது அவருக்கும் ஆண்டவருக்கும்தான் தெரியும்.

"மூணு தரம்! எடுத்தது நம்ம ஊர் மருமகன் இசக்கிமுத்து!"

இசக்கிமுத்து மேகத்தை வாங்கினான், வாங்கிவிட்டு விழித்தான். "இத எங்க கொண்டுபோக, அத்த? எங்க வீட்டுல தகர ஷீட்டுல்லா போட்டுருக்கு" என்று மாமியாரிடம் கேட்டான், அவள் அழுகைக்கிடையில் சிரித்துவிட்டு, "கைய விடுங்க மருமவனே, அதுக்குத் தெரியும்" என்றாள். அவன் கையை விட்டான். மேகம் பந்தலுக்கு வெளியே போய், ஏறி, பருத்து, கோயில் அளவு ஆகி, ஊர் அளவு ஆகி, அப்புறம் பெய்யத் தொடங்கியது. மேலத்தெருவிலும் கீழத்தெருவிலும், கல்லறைத் தோட்டத்திலும் வாழைத்தோட்டத்திலும், உடன்குடி ரோட்டிலும், ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற அம்மன் கோயில் ஆலமரத்திலும் ஒரே சீராகப் பெய்தது.

பந்தல் ஒழுகத் தொடங்கிவிட்டது என்றாலும் அசனத்தை யாரும் உள்ளே மாற்றவில்லை. எப்சிபாவையும் இசக்கிமுத்துவையும் நடுவரிசையில் உட்கார வைத்தார்கள், குழந்தையை ஐயர் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். தங்கபுஷ்பம் சோற்றுவாளியையும் அகப்பையையும் கொண்டுவந்து ஜெபக்கனியின் கையில் கொடுத்தாள். அவள் சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு வரிசையில் இறங்கினாள். இலையில் மழை விழுந்தது, சாம்பாரில் மழை விழுந்தது, அவளுக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. போட்டாள், போட்டாள், கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் போட்டாள்.

துரைப்பழம் வரிசையின் கடைசியில், தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். அவர் இலைக்கு வந்தபோது அவள் கை ஒரு கணம் நின்றது. ஒரு அகப்பை போட்டாள். சர்க்கரை வியாதிக்காரர், எந்த விருந்திலும் ஒரு அகப்பைக்கு மேல் வாங்கமாட்டார், இலைக்குக் குறுக்கே கையை வைத்து மறித்துவிடுவார். இன்றைக்குக் கை மடியிலேயே இருந்தது. இன்னொரு அகப்பை போட்டாள். அதற்கும் மறிக்கவில்லை. இன்னொன்றை எடுத்துவிட்டு அவளே தயங்கினாள்.

"போதுமா அண்ணாச்சி?"

அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் நனைந்திருந்தது, மழை என்று சொன்னால் மழைதான்.

"ஒன்ன வேண்டாம்னு சொன்னதெல்லாம் போதும், ஜெபக்கனி" என்றார். "நீ போடு."

அவள் போட்டாள்.